பிபி, சுகர், கொலஸ்ட்ரால், புகை: மாரடைப்போடு நிற்குமா, மொத்த ஆயுளையும் தொடுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அப்பாவுக்கு 63 வயது. பிபி 150/90. பல வருடமாகச் சுகர். மொத்தக் கொலஸ்ட்ரால் 214. தொப்பை உண்டு. பீடியை 60 வயதில் விட்டுவிட்டார். "இதெல்லாம் இதயத்துக்கு ஆபத்து என்கிறார் டாக்டர். மனிதன் சாவதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறதே, மொத்த ஆயுளில் இவை எவ்வளவு வித்தியாசம் செய்யும்? கொலஸ்ட்ரால் குறைந்தவர்கள்தான் சீக்கிரம் சாகிறார்கள், கொஞ்சம் பருமனாக இருப்பவர்கள் அதிக நாள் இருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? எங்கள் தாத்தா பீடி குடித்துக்கொண்டே 88 வரை இருந்தார்."

நல்ல கேள்வி. 'இதயத்துக்கு ஆபத்து' என்று சொல்லி அனுப்பிவிடுகிற டாக்டர்கள் இந்த இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்வதில்லை. நேரமும் இருப்பதில்லை.

முதலில் மொத்தக் கணக்கு. 2023-இல் ஒரு பெரிய கூட்டாய்வு வந்தது: 34 நாடுகள், 112 தொடர் ஆய்வுகள், சுமார் 15 லட்சம் பேர். உடல் எடை (உயரத்தோடு ஒப்பிட்ட எடையான பிஎம்ஐ), மேல் ரத்த அழுத்தம் (150/90 என்றால் அந்த 150), 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் நீங்கலான கொலஸ்ட்ரால், புகை, சர்க்கரை நோய் என்று ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பத்து ஆண்டுகளில் புதிதாக வந்த இதய, ரத்தக்குழாய் நோய்களில் பெண்களிடம் 57 சதவீதமும் ஆண்களிடம் 53 சதவீதமும் இந்த ஐந்தின் கணக்கில் வந்தன. அதே பத்து ஆண்டுகளில் நடந்த எல்லா மரணங்களையும் எடுத்தால்? பெண்களிடம் 22 சதவீதம், ஆண்களிடம் 19.

இதயத்தில் பாதிக்கு மேல், மொத்தச் சாவில் ஐந்தில் ஒன்று. இந்த இடைவெளியைப் பார்த்து 'அவ்வளவுதானா' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறைவான எண்ணாகத் தெரியவில்லை. விபத்து, காசநோய், புற்றுநோய், தற்கொலை, கல்லீரல், முதுமை என்று எல்லாம் சேர்ந்த குவியலில் ஐந்தே ஐந்து விஷயங்கள் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதுவும் உடற்பயிற்சி, உப்பு, காற்று மாசு, வறுமை எதையும் சேர்க்காமல்.

அதே குழு 2025-இல் கணக்கை ஆயுளாக மாற்றிக் காட்டியது. 50 வயதில் இந்த ஐந்தும் உள்ள பெண்ணையும் ஐந்தும் இல்லாத பெண்ணையும் ஒப்பிட்டால் எதிர்பார்க்கும் ஆயுளில் 14.5 ஆண்டு வித்தியாசம். ஆண்களிடம் 11.8 ஆண்டு. இந்த வித்தியாசம் மாரடைப்புச் சாவுக்கு மட்டுமானது அல்ல. எதனால் செத்தாலும் சேர்த்துத்தான். ஐம்பது வயதுக்குப் பிறகு மிச்சமிருக்கும் காலத்தில் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு என்பது ஒரு பேரப்பிள்ளை பிறந்து பத்தாம் வகுப்பு வரும் காலம்.

இது சராசரி. ஐந்தையும் ஒரே தட்டில் வைத்ததால் வந்த எண். தனித்தனியாகப் பிரித்தால் ஐந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. உங்கள் வாட்ஸ்அப் குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்த எண் கூடியவர்கள் சீக்கிரம் சாகிறார்களா? இது முதல் கேள்வி. அந்த எண்ணை இறக்கினால் சாவு தள்ளிப்போகிறதா? இது இரண்டாவது. முதலாவதில் தேறிவிட்டு இரண்டாவதில் கவிழ்ந்த விஷயங்கள் மருத்துவத்தில் நிறைய. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத் துடிப்பு இடையிடையே தாறுமாறாக எகிறினால் அவர்கள் சீக்கிரம் சாகிறார்கள் என்பது 1980-களில் எல்லாருக்கும் தெரியும். அந்தத் துடிப்பை அடக்கும் மருந்துகளும் இருந்தன, அடக்கவும் செய்தன. அமெரிக்காவில் 'காஸ்ட்' என்ற ஆய்வில் எண்ணிப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர் செத்தார்கள். மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர். இசிஜி அழகாக இருந்தது, ஆள் இல்லை.

மொத்த மரணத்தை எண்ணுவதன் அருமை இதுதான். சாவின் காரணத்தில் ஏமாற்று நடக்கலாம், சாவில் நடக்காது. நம் ஊர் இறப்புச் சான்றிதழ்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காரணம் என்ற இடத்தில் 'இதயமும் சுவாசமும் நின்றன' என்று எழுதியிருக்கும். எந்தச் சாவில்தான் இவை நிற்காமல் இருந்தன? வீட்டில் இறந்தவருக்கு அதுகூட இருக்காது, 'முதுமை' என்று முடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் வெண்டான் கஜலட்சுமி. இறந்தவர் வீட்டுக்கே களப்பணியாளர்களை அனுப்பி, கடைசி மாதங்களில் என்ன நடந்தது, இருமல் இருந்ததா, எடை குறைந்ததா, ஒரு பக்கம் இழுத்ததா, நெஞ்சுவலி எவ்வளவு நேரம் இருந்தது என்று வீட்டாரிடம் கேட்டு எழுதி, அதை டாக்டர்கள் படித்துக் காரணத்தைக் கணிக்கும் முறை. தமிழ்நாட்டில் சுமார் 80,000 மரணங்களை அவர் குழு இப்படி விசாரித்தது. கீழே வரும் சென்னைத் தகவல்களில் பெரும்பாலானவை அந்த உழைப்பிலிருந்து வந்தவை.

புகையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இரண்டு கேள்விகளிலும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தேறியது அதுதான்.

பிரிட்டனில் 1951-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டாக்டர்களிடமே 'நீங்கள் புகைப்பீர்களா' என்று கடிதம் போட்டுக் கேட்டார்கள். பதில் எழுதிய 34,439 ஆண் டாக்டர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தார்கள். தொடர்ந்து சிகரெட் பிடித்தவர்கள் பிடிக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்பே போய்விட்டார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு அந்தப் பத்தும் கிட்டத்தட்டத் திரும்பக் கிடைத்தது. 40-இல் விட்டால் ஒன்பது, 50-இல் ஆறு, 60-இல் மூன்று. உங்கள் அப்பா 60-இல் விட்டிருக்கிறார். அந்த டாக்டர்கள் பிடித்தது சிகரெட், அப்பா பிடித்தது பீடி. எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் 60-இல் விட்டதும் வீண் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பீடிக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. இந்தியாவில் சுமார் 11 லட்சம் வீடுகளில் நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வின்படி, பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக ஆறு ஆண்டும், பீடி பிடிக்கும் பெண்கள் எட்டு ஆண்டும், சிகரெட் பிடிக்கும் ஆண்கள் பத்து ஆண்டும் இழக்கிறார்கள். 'பீடி இலைதானே, சிகரெட் மாதிரி கெடுதல் இல்லை' என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு அந்த ஆறு ஆண்டு போதும்.

இனி, நம் மண்ணில் கண்டுபிடித்த ஒரு விஷயம். சென்னையிலும் விழுப்புரத்துக் கிராமப்புறங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களையும் உயிரோடிருந்த சுமார் 35,000 ஆண்களையும் ஒப்பிட்டு 2003-இல் கஜலட்சுமியும் பிரிட்டிஷ் ஆய்வாளர் ரிச்சர்ட் பீட்டோவும் சகாக்களும் வெளியிட்டார்கள். புகைக்கும் ஆண்கள் நடுத்தர வயதில் இறக்கும் வேகம் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, காசநோயால் இறப்பது நான்கு மடங்குக்கு மேல் என்பது. ஆண்களின் காசநோய்ச் சாவில் பாதிக்குப் புகையே காரணம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். லண்டனில் அதே பழக்கம் நுரையீரல் புற்றுநோயாகவும் மாரடைப்பாகவும் முடிகிறது. விழுப்புரத்தில் அது ஊரில் ஏற்கெனவே உறங்கிக் கிடக்கும் கிருமியை எழுப்பிவிடுகிறது. 'இதய ஆபத்துக் காரணி' என்று பட்டியலில் இருக்கும் ஒன்று, இதயத்தைத் தொடாமலே ஆளைக் கொண்டுபோகும். மரணச் சான்றிதழில் மாரடைப்பு இல்லையென்பதால் புகை தப்பித்துவிடக் கூடாது.

தாத்தா விஷயம்: பத்து ஆண்டு என்பது சராசரி என்றேன். சராசரி எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை. புகைப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதனாலேயே சாகிறார்கள், மீதிப்பேருக்கு ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். 88 வரை இருந்த தாத்தாவைத்தான் நாம் பார்த்திருக்கிறோம், அவரோடு பீடி பற்றவைத்து 52-இல் போன கூட்டாளியை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

ரத்த அழுத்தத்துக்கு வருகிறேன். 1944 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் பிபி 186/108. அடுத்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தபோது 300/190. உலகத்தின் மிக முக்கியமான நோயாளிக்கே அன்று கொடுக்க உருப்படியான மாத்திரை இல்லை. வயதானால் பிபி ஏறத்தான் செய்யும், ஏறினால்தான் உறுப்புகளுக்கு ரத்தம் போகும் என்று நம்பிய டாக்டர்கள் நிறைய. அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1948-இல், மாசசூசெட்ஸின் ஃப்ராமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வுதான் இன்று நாம் பேசும் 'ஆபத்துக் காரணி' என்ற எண்ணத்துக்கே அடித்தளம்.

இன்றைக்கு முதல் கேள்விக்குப் பதில் மிகத் தெளிவு. 61 ஆய்வுகளில் இருந்து பத்து லட்சம் பேரைச் சேர்த்து 2002-இல் பார்த்தார்கள். 40 முதல் 69 வயது வரை, மேல் அழுத்தம் 20 கூடும்தோறும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் சாவது இரட்டிப்பாகிறது. 140-க்கு மேல்தான் ஆபத்து என்ற கோடெல்லாம் அந்த வரைபடத்தில் இல்லை. 115 வரை நேராக இறங்கிக்கொண்டே போகிறது. வயது ஏற ஏற இந்த 'மடங்கு' குறையும். எண்பது வயதில் இரட்டிப்பு இருக்காது. ஆனால் எண்பதில் சாவே அதிகம் என்பதால், சின்ன மடங்குகூட அதிகம் பேரை எடுத்துப்போகும். மடங்கை மட்டும் பார்த்து 'வயதானவர்களுக்கு பிபி பொருட்டல்ல' என்று எழுதுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

இரண்டாவது கேள்வி: இறக்கினால்? 2015-இல் 'ஸ்பிரின்ட்' என்ற ஆய்வில் 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மேல் அழுத்தம் 140-க்குக் கீழ், மறுபாதிக்கு 120-க்குக் கீழ் என்று குறிவைத்தார்கள். சுமார் மூன்றேகால் ஆண்டில் முதல் அணியில் 210 பேரும் இரண்டாம் அணியில் 155 பேரும் இறந்திருந்தார்கள். ஆய்வையே பாதியில் நிறுத்தி முடிவை அறிவிக்க வேண்டி வந்தது. எந்தக் காரணத்தால் என்று பார்க்காமல் எண்ணிய சாவு கால் பங்குக்கு மேல் குறைந்தது. ஒரு எச்சரிக்கை, உங்கள் அப்பாவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது: ஸ்பிரின்ட்டில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகளில் 120-க்குக் கீழே கொண்டுபோனால் பக்கவாதம் குறைகிறது, மொத்தச் சாவில் அந்த அளவு தெளிவான வித்தியாசம் வரவில்லை. மயக்கம், கீழே விழுதல், சிறுநீரகக் கோளாறு போன்றவை சற்றுக் கூடின. ஆகவே அவருக்கு 150-இலிருந்து 130 பக்கம் வருவதில் லாபம் நிச்சயம். 118-ஐப் பிடிக்கவேண்டும் என்ற வெறி வேண்டியதில்லை.

சுகர் இன்னும் நுணுக்கமானது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்த 2011-ஆம் ஆண்டுக் கூட்டாய்வு ஒன்று: 50 வயதில் சர்க்கரை நோய் உள்ளவர், இல்லாதவரைவிடச் சராசரியாக ஆறு ஆண்டு முன்பே இறக்கிறார். அந்த ஆறில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இதயத்தாலும் ரத்தக்குழாயாலும் வந்ததில்லை. சிறுநீரகம், கல்லீரல், தொற்று, சில புற்றுநோய்கள். டயாலிசிஸ் வார்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பாதிப்பேருக்கு மேல் கதை சுகரில்தான் தொடங்கும். கவனிப்பு இருக்கும் இடம், இல்லாத இடம் என்ற வேறுபாடும் பெரிது. பணக்கார நாடுகளில் சர்க்கரை நோய் மரண வேகத்தை இரண்டு மடங்குக்குள் வைத்திருக்கிறது. மெக்சிகோ நகரில் ஒன்றரை லட்சம் பேரைத் தொடர்ந்த ஆய்வில், கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு வாழ்ந்த நடுவயதினருக்கு அது நான்கைந்து மடங்காக இருந்தது. நோய் ஒன்றுதான், மருந்து தொடர்ந்து கிடைப்பதில்தான் வித்தியாசம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

அப்படியானால் சுகரை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு நல்லதா? இங்கேதான் இரண்டாவது கேள்வி தன் வேலையைக் காட்டியது. 'அக்கார்ட்' ஆய்வில் 10,251 சர்க்கரை நோயாளிகள். ஒரு பாதிக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6-க்குக் கீழ் கொண்டுவர வேண்டும், மறுபாதிக்கு 7-க்கும் 8-க்கும் இடையில் போதும். எல்லாரும் எதிர்பார்த்தது முதல் அணி ஜெயிக்கும் என்று. 2008 பிப்ரவரியில் நிறுத்தினார்கள்: தளர்வாக வைத்த அணியில் 203 சாவு, இறுக்கிப் பிடித்த அணியில் 257. லோ சுகர், மருந்துகளின் குவியல், எடை ஏற்றம் என்று காரணத்தை இன்றுவரை விவாதிக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு 'மாத்திரையே வேண்டாம்' என்று யூடியூபில் பேசுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் மறைப்பது, தளர்வான அணியும் மருந்து சாப்பிட்ட அணிதான், 7.5 சுற்றில் இருந்த அணிதான் என்பதை. அக்கார்ட் சொன்னது 10-இல் கிடப்பவரை அப்படியே விடுங்கள் என்று அல்ல.

கொலஸ்ட்ராலில்தான் உங்கள் வாட்ஸ்அப் செய்தி வருகிறது. அந்தச் செய்தி முழுப்பொய் இல்லை, அதனால்தான் அது இவ்வளவு சுற்றுகிறது. முதியவர்களிடம் கொலஸ்ட்ராலையும் மொத்த மரணத்தையும் வரைந்தால், பல ஆய்வுகளில் மிகக் குறைந்த கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் அதிகம் சாவது உண்மையிலேயே தெரியும். ஹோனலூலுவில் ஜப்பானிய வம்சாவளி முதியவர்களிடம் கண்டதும் இதுதான். காரணம் திசையில் இருக்கிறது. உள்ளே வளரும் புற்றுநோய், கல்லீரல் கெடுவது, நாள்பட்ட தொற்று, சாப்பாடு இறங்காமல் போவது எல்லாமே கொலஸ்ட்ராலை இறக்கும். நோய் எண்ணை இறக்கியது, நோயே ஆளையும் கொண்டுபோனது. பழி எண்ணின் மேல் விழுந்தது. சாயங்காலம் நிழல் நீண்டதால் சூரியன் இறங்கியது என்று சொல்வதைப் போலத்தான் இந்த வாதம்.

இதைத் தீர்க்க ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்ப்பது. 1970-களில் குளோஃபைப்ரேட் என்ற மருந்து கொலஸ்ட்ராலை இறக்கியது, உயிர் பறிக்காத மாரடைப்புகளையும் குறைத்தது, மொத்தச் சாவையோ கூட்டிவிட்டது. கொலஸ்ட்ரால் கொள்கையையே சந்தேகப்பட நியாயம் இருந்த காலம் அது. அந்தச் சந்தேகத்தை உடைத்தது 1994-இல் வந்த ஸ்காண்டிநேவிய ஆய்வு. ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேர், சிம்வாஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலை இறக்கும் 'ஸ்டாட்டின்' வகை மருந்து) அல்லது வெற்று மாத்திரை, ஐந்தரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம். வெற்று மாத்திரையில் 256 சாவு, மருந்தில் 182. இதயம் சாராத சாவுகள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆக ஓரிடத்தில் குறைத்ததை வேறிடத்தில் கூட்டவில்லை. பிறகு 26 ஆய்வுகளைச் சேர்த்தபோது, 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் ஏறத்தாழ 39 புள்ளி இறங்கினால் மொத்தச் சாவு 10 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. பத்து சதவீதம் யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் அடிப்படை ஆபத்தைப் பொறுத்தது. வேறு எந்தப் பிரச்சினையும் இல்லாத 35 வயதுக்காரருக்கு அது கண்ணுக்குத் தெரியாத லாபம். சுகர், பிபி, பழைய பீடி மூன்றும் உள்ள 63 வயதுக்காரருக்கு அது பெரிது.

'நல்ல கொலஸ்ட்ரால்' எச்டிஎல் பற்றி ஒரு வார்த்தை. அது குறைந்தவர்களுக்கு ஆபத்து அதிகம், முதல் கேள்வியில் நல்ல மதிப்பெண். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்-ஐ 72 சதவீதம் ஏற்றியது. 15,000 பேரிடம் சோதித்தபோது மருந்து அணியில் 93 பேரும் மறு அணியில் 59 பேரும் இறந்தார்கள். 2006 டிசம்பரில் மூட்டை கட்டினார்கள். எச்டிஎல் ஏற்ற என்று விற்கும் பொடியோ எண்ணெயோ எதையும் வாங்காதீர்கள், எச்டிஎல் அளவை ஏற்றியதாலேயே பயன் வந்தது என்று எந்தச் சோதனையும் இதுவரை தெளிவாகக் காட்டவில்லை.

எடை. இதில்தான் சென்னை எனக்கு மிகவும் பிடித்த ஆச்சரியத்தைக் கொடுத்தது. 1998 முதல் 2001 வரை சென்னையில் வீடு வீடாகப் போய் ஐந்து லட்சம் பேருக்கு உயரம், எடை, பிபி அளந்தார்கள். 2015 வரை மறுபடி மறுபடி அதே வீடுகளுக்குப் போய் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்த்தார்கள். 2018-இல் முடிவு. பிபி கூடியவர்கள் இதயத்தாலும் பக்கவாதத்தாலும் அதிகம் சாகிறார்கள், மேல்நாட்டைப் போலவே. எடை கூடியவர்களிடம் பிபியும் சர்க்கரையும் அதிகம், அதுவும் எதிர்பார்த்ததே. ஆனால் எடைக்கும் இதயச் சாவுக்கும் நேரடித் தொடர்பு மிகச் சொற்பமாகவே தெரிந்தது. மொத்தச் சாவில் மோசமான நிலையில் இருந்தவர்கள் ஒல்லியானவர்கள். காசநோயும் நுரையீரல் நோய்களும் அவர்களைத்தான் அள்ளிக்கொண்டு போயின. மெலிவு நோயின் விளைவாகவும் இருக்கலாம், நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். சாப்பாடு போதாத வீடுகளும் அந்த ஐந்து லட்சத்தில் இருந்தன என்பதை மறக்கக் கூடாது.

உலக அளவில் 2016-இல் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு பார்த்த கூட்டாய்வு இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. புகைத்தவர்களை விலக்கி, முன்பே நோயுள்ளவர்களை விலக்கி, முதல் ஐந்து ஆண்டுச் சாவுகளையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், பிஎம்ஐ 20-க்கும் 25-க்கும் நடுவில்தான் சாவு மிகக் குறைவு. 'பருமனானவர் அதிக நாள் வாழ்வார்' என்ற கூற்றின் பலம் பெருமளவு அந்த வடிகட்டலில் கரைந்துவிடுகிறது. நம் ஆட்களுக்கு பிஎம்ஐ-யைவிட வயிற்றைச் சுற்றி அளக்கும் டேப் அதிகம் சொல்லும் என்பது 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளைப் பார்த்த 2004 ஆய்வின் பாடம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்பே வருவதையும் அது காட்டியது. எடையைவிட வலு முக்கியம் என்று நினைக்க வைக்கும் இன்னொரு தகவலும் உண்டு: 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்தபோது, 5 கிலோ குறையும்தோறும் மொத்த மரணம் 16 சதவீதம் கூடியது. மரணத்தை முன்கூட்டிச் சொல்வதில் அது மேல் ரத்த அழுத்தத்தையே மிஞ்சியது. கைப்பிடியை மட்டும் பயிற்சி செய்து ஆயுளைக் கூட்ட முடியும் என்று இதற்கு அர்த்தமில்லை, இரண்டாவது கேள்விக்கு அங்கே பதில் கிடையாது.

இதுவரை எண்களைப் பற்றியே பேசினேன். எண் எவ்வளவு என்பதைப் போலவே, எங்கே வாழ்கிறீர்கள் என்பதும் சாவைத் தீர்மானிக்கிறது. அதே 17 நாடுகளின் ஆய்வு 2014-இல் ஒரு முரணைக் காட்டியது. ஆபத்துக் காரணிகளின் மொத்த மதிப்பெண் மிக அதிகமாக இருந்தது பணக்கார நாடுகளில், மிகக் குறைவாக இருந்தது இந்தியா போன்ற நாடுகளில். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தால் அதில் இறப்பவர்கள் அங்கே நூற்றுக்கு ஆறேழு பேர், இங்கே பதினேழு. நகரத்தையும் கிராமத்தையும் ஒப்பிட்டாலும் இதே கதை: கிராமத்தில் மதிப்பெண் குறைவு, சாவு அதிகம். மாத்திரை கிடைப்பதும், நெஞ்சுவலி வந்த இரவில் எவ்வளவு சீக்கிரம் இசிஜி எடுக்க முடிகிறது என்பதும்தான் இடைவெளி. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவதும், 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவதும் சரியாக அந்த இடைவெளியைக் குறிவைத்தவை.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது, ஆனால் எந்த வரிசையில் கவலைப்படலாம் என்று சொல்லலாம். முதலிடம் பிபிக்கு: வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து அளந்து எழுதுங்கள், எழுந்து நின்ற பிறகும் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள். 150 உண்மை என்றால் அதை இறக்குவதுதான் அவருக்குக் கிடைக்கும் மலிவான ஆயுள். இரண்டாவது, சுகருடன் 63 வயது என்பதால் கொலஸ்ட்ரால் 214-ஆ 180-ஆ என்று பார்க்காமலே ஸ்டாட்டின் பற்றி டாக்டரிடம் பேசலாம். எச்பிஏ1சி 7 பக்கம் இருந்தால் போதும், 6-க்கு விரட்ட வேண்டாம். பீடியை மறுபடி தொடாமல் இருக்கட்டும், பண்டிகைக்கு ஒன்று என்றுகூட. தொப்பைக்காகப் பட்டினி போடாதீர்கள். நடக்கட்டும், முட்டையோ பருப்போ சுண்டலோ குறையாமல் சாப்பிடட்டும். முயற்சி எதுவும் செய்யாமல் எடை இறங்கினால் 'நல்லதுதானே' என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேவுக்கும் கூட்டிப் போங்கள். பழைய பீடியும் சுகரும் உள்ளவருக்குக் காசநோய் தூரத்துச் சொந்தம் இல்லை. கடைசியாக, அவருடைய ரிப்போர்ட் என்று நீங்கள் அனுப்பியதில் இல்லாத ஒன்று: சிறுநீரில் ஆல்புமின், அதாவது சிறுநீரகம் கெடத் தொடங்கினால் சிறுநீரில் கசியும் புரதம். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையோடு சேர்த்து அதையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள், விலை சில நூறு ரூபாய்தான்.